டிங்கி முரண்டு பிடித்தால்: மும்பைத் துறைமுகத்தில் அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

மழை ஓய்ந்து அக்டோபர் பிறந்ததும் மும்பைத் துறைமுகத்தில் பாய்ப்படகுகள் மறுபடி தண்ணீருக்கு வரும். அங்கிருந்து மே வரை, மாதத்தில் இரண்டு ஞாயிறாவது நானும் என் நண்பனும் செம்பூரில் ஹார்பர் லைன் ரயிலைப் பிடித்து, சி.எஸ்.எம்.டி.யில் இறங்கி, கொலாபா போய்ப் படகை இறக்கிவிடுவோம். பையில் தயிர்சாதம், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு பழைய டவல். எங்களுடையது என்டர்பிரைஸ் வகை டிங்கி. 13 அடி நீளம், ஒரு பெரிய பாய், முன்னால் ஜிப் என்ற சின்னப் பாய், ஓட்ட இரண்டு பேர். ஜாக் ஹோல்ட் 1956இல் வடிவமைத்தது. 1982 ஆசிய விளையாட்டின் பாய்ப்படகுப் போட்டிகள் இதே பம்பாய்க் கடலில் நடந்தபோது இந்த வகையில் தங்கம் வாங்கியவர்கள் பாகிஸ்தானின் பைரம் அவாரி, கோஷ்பி அவாரி தம்பதியர். போட்டிக்கும் உழைத்த படகு, பழகுபவர்களுக்கும் உழைக்கும் படகு. ஆனால் புதிய கைக்கு அது எளிதில் வசப்படாது.

பயிற்சி முடித்து, கூட ஆசிரியர் இல்லாமல் நண்பரோடு முதல் சில தடவை போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். படகு என்ன செய்கிறது என்று பாருங்கள். அதற்கான பகுதியைப் படியுங்கள். கடலில் வைத்துப் படிக்க முடியாது, அதனால் வீட்டிலேயே இரண்டு தடவை படித்துவிட்டுப் போங்கள். லைஃப் ஜாக்கெட் மாட்டாமல் படகில் கால் வைக்கக் கூடாது. 2024 டிசம்பர் 18 அன்று எலிபெண்டாவுக்குப் போன பயணிகள் படகில் ஒரு விரைவுப்படகு மோதிப் பலர் இறந்தது இதே நீரில்தான். அதற்குப் பிறகும் ஜாக்கெட்டைக் காலடியில் போட்டுக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்றே: ஷீட்டை விடுங்கள். ஷீட் என்றால் துணியில்லை, பாயை உள்ளே இழுத்துப் பிடிக்கும் கயிறு. பெரிய பாய்க்கு ஒன்று, ஜிப்புக்கு இரு பக்கமும் ஒவ்வொன்று. விட்டதும் பாய் காற்றை இழக்கும், படகு நிமிரும், வேகம் குறையும். டிங்கிக்கு பிரேக் என்று இருப்பது அது மட்டும்தான். காற்று நேராகப் பின்னாலிருந்து வரும்போது மட்டும் இது பலிக்காது. பாய் ஏற்கெனவே முழுக்க வெளியே இருக்கும், விடுவதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது. அதைப் பூம் (பெரிய பாயின் கீழ் விளிம்பைத் தாங்கும் கம்பு) பற்றிய பகுதியில் சொல்கிறேன்.

படகு நின்றுவிட்டது, இரண்டு பாயும் படபடவென்று அடிக்கின்றன

அணியம் காற்றை நேருக்கு நேர் பார்க்கிறது. அணியம் என்பது படகின் முன்பக்கத்துக்கு நம் கடற்கரைக்காரர்கள் சொல்லும் பெயர். காற்று வரும் திசைக்கு இரு புறமும் சுமார் 45 டிகிரிக்குள் டிங்கி போகாது. அந்தப் பகுதிக்குள் மாட்டிக்கொண்டால் சுக்கானை எப்படித் திருப்பினாலும் பயனில்லை, ஏனென்றால் படகு நகர்ந்தால்தான் சுக்கான் வேலை செய்யும்.

கேட்வே ஆஃப் இந்தியா பக்கம் இறக்குகிறவர்களுக்கு இது அடிக்கடி நேரும். பிற்பகல் காற்று வடமேற்கிலிருந்து, அதாவது ஊருக்குள்ளிருந்து வருகிறது. தாஜ் ஓட்டலும் பக்கத்துக் கட்டடங்களும் அதை மறைத்துச் சுழற்றிவிடும். ஒரு நிமிடம் இடது கன்னத்தில் படும் காற்று அடுத்த நிமிடம் மூக்கில் படும்.

வெளியே வர: முன்னால் இருப்பவர் ஜிப்பை ஒரு பக்கம் கையால் இழுத்துப் பிடிக்க வேண்டும். இடப்பக்கம் பிடித்தால் அணியம் வலப்பக்கம் விலகும். விலகியதும் மறுபக்கத்து ஷீட்டை இழுத்தால் படகு கிளம்பிவிடும். அதுவும் நடக்கவில்லை என்றால் ‘தள்ளு தள்ளு, இழு இழு’. பூமையும், சுக்கானைத் திருப்பும் கைப்பிடியான டில்லரையும் உங்களிடமிருந்து ஒரே பக்கமாகத் தள்ளிப் பிடியுங்கள். படகு மெல்லப் பின்னோக்கிப் போய்த் திரும்பும். காற்று பக்கவாட்டில் வந்ததும் இரண்டையும் உங்கள் பக்கம் இழுங்கள். நாங்கள் முதல் வருடம் இதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் செய்தோம்.

அணியம் ஒரு பக்கம் காட்டுகிறது, படகு வேறு பக்கம் போகிறது

சென்டர்போர்டைப் பாருங்கள். நடுவிலுள்ள பெட்டியிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் அந்தப் பலகைதான் படகு பக்கவாட்டில் சறுக்காமல் தடுக்கிறது. கரையில் ஆழம் போதாமல் பாதி தூக்கி வைத்திருப்பீர்கள். பிறகு இறக்க மறந்திருப்பீர்கள். காற்றை எதிர்த்துப் போகும்போது அது முழுதாகக் கீழே இருக்க வேண்டும்.

இறங்கியிருந்தும் சறுக்குகிறது என்றால் அது காற்று செய்யும் வேலை இல்லை, நீரோட்டம். கேட்வேயின் ஒரு தூணையும் அதற்குப் பின்னால் தாஜ் ஓட்டலின் நடுக் குவிமாடத்தையும் ஒரே கோட்டில் வைத்துப் பாருங்கள். தூணும் குவிமாடமும் ஒன்றையொன்று விட்டு விலகினால் தண்ணீர் உங்களைத் தூக்கிக்கொண்டு போகிறது. இரண்டு நிமிடம் இதைப் பார்த்துவிட்டு மேலே போவது நல்ல பழக்கம். விலகல் வேகமாக இருந்தால் ‘கரை கிட்டே வரவே மாட்டேன் என்கிறது’ என்ற பகுதியை உடனே நினைத்துக்கொள்ளுங்கள்.

டில்லர் கனக்கிறது, படகு தானாகக் காற்றுப் பக்கம் திரும்பப் பார்க்கிறது

இதற்குப் பெரும்பாலானவர்கள் சொல்லும் காரணம், பெரிய பாயை அதிகமாக இறுக்கியிருக்கிறீர்கள், படகு சாய்ந்திருக்கிறது என்பது. சரிதான். ஷீட்டைக் கையகலம் விட்டு, இரண்டு பேரும் வெளியே சாய்ந்து படகை மட்டமாக்கினால் பாதிக் கனம் போய்விடும்.

மீதிப் பாதிக்குக் காரணம் வேறு. என்டர்பிரைஸ் போன்ற படகுகளில் சுக்கானின் கீழ்ப்பலகையை ஆழமில்லாத இடத்தில் மேலே தூக்கலாம். அதைக் கீழே பிடித்து வைப்பது ஒரு மெல்லிய கயிறு, அந்தக் கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் ஒரு சின்ன கிளீட். நம் துறைமுகத்தில் மிதக்கும் நெகிழிப் பையோ தேங்காயோ அந்தப் பலகையில் மோதினால் கயிறு கிளீட்டில் இரண்டு விரற்கடை வழுக்கும். பார்க்க ஒன்றுமே மாறியிருக்காது. ஆனால் பலகை செங்குத்தாக இல்லாமல் பின்னோக்கிச் சாய்ந்து நிற்கும். அது போதும், டில்லர் மாட்டு வண்டி நுகத்தடி போல் கனக்க. ஒரு மார்ச் மாதம் மணிக்கட்டு வலிக்க வலிக்க ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். கயிற்றின் ஈரமான பகுதியும் வெயிலில் காய்ந்து உப்புப் பூத்த பகுதியும் சேரும் கோடு கிளீட்டுக்கு வெளியே வந்திருந்தது. அவ்வளவுதான் வழுக்கியிருந்தது. இழுத்து மாட்டியதும் டில்லரை இரண்டு விரலில் பிடிக்க முடிந்தது. இப்போது அந்தக் கயிற்றில் சிவப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறோம். டேப் கிளீட்டை ஒட்டி இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்தால் தெரிந்துவிடும்.

காலடியில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது

அலை தெறித்து வரும் தண்ணீர் அவ்வப்போது வரும். விடாமல் ஏறுகிறது என்றால் பின்பக்கத்து வடிகால் அடைப்பானை மாட்ட மறந்திருக்கிறீர்கள், அல்லது தரையிலுள்ள பெய்லர் திறந்த நிலையில் படகு மெதுவாகப் போகிறது. பெய்லர் வேகமாகப் போகும்போது தண்ணீரை உறிஞ்சி வெளியே தள்ளும். மெதுவாகப் போகும்போது அதே ஓட்டை வழியே உள்ளே விடும். மூடுங்கள். அடைப்பானைக் கயிற்றால் படகோடு கட்டி வையுங்கள். கூடவே ஒரு வாளியும் கட்டியே இருக்கட்டும், கட்டாத வாளி முதல் கவிழ்தலிலேயே போய்விடும்.

திடீரென்று சாய்கிறது, அல்லது சாய்ந்து கவிழ்ந்தேவிட்டது

சாயும்போது உடம்பு இரண்டு தவறுகளைத் தானாகச் செய்யும். ஒன்று, கையில் இருக்கும் கயிற்றை இறுகப் பிடித்துக்கொள்ளும், எதையாவது பிடித்தால் விழமாட்டோம் என்ற நினைப்பில். அந்தக் கயிறுதான் படகைச் சாய்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டு, டில்லரைத் தன் பக்கம் இழுக்கும். அப்போது படகு காற்றிலிருந்து விலகி இன்னும் சாயும். இரண்டுக்கும் நேர் எதிராகச் செய்ய வேண்டும்: ஷீட்டை விடு, டில்லரைக் கொஞ்சம் தள்ளி அணியத்தைக் காற்றுப் பக்கம் ஏற்று, வெளியே சாய். பெரிய பாயின் ஷீட்டை கிளீட்டில் மாட்டிவிட்டு உட்காரும் பழக்கம் வேண்டவே வேண்டாம். கை வலித்தால் மாற்றிப் பிடியுங்கள்.

காற்று வீசப்போவது முன்கூட்டியே தெரியும். கரைப்பக்கத்திலிருந்து தண்ணீரின் மேல் ஒரு கருமை ஓடி வரும், சிலிர்த்த தோல் மாதிரி. முன்னால் இருப்பவரின் வேலை அதைப் பார்த்துச் சொல்வது. என் நண்பன் “மச்சி, கறுப்பு வருது, அஞ்சு, நாலு, மூணு…” என்று எண்ணுவான். எண்ணி முடிக்கும்போது நாங்கள் இருவரும் வெளியே சாய்ந்திருப்போம்.

கவிழ்ந்துவிட்டால் முதலில் குரல் கொடுங்கள். “டேய், இருக்கியா?” “இருக்கேன்.” இந்தப் பதில் வராமல் வேறெதுவும் செய்யக் கூடாது. பாய்க்கு அடியில் மாட்டியிருந்தால் கையை மேலே தூக்கிப் பாயைத் தள்ளினால் மூச்சுவிட இடம் கிடைக்கும். பிறகு ஒரே பக்கமாக, கயிறுகளை விலக்கிக்கொண்டே வெளியே வாருங்கள். படகை விட்டுக் கரைக்கு நீந்தத் தோன்றும். கரை எவ்வளவு பக்கத்தில் தெரிந்தாலும் கூடாது. தண்ணீரில் ஒரு தலையைத் தேடுவது கடினம், கவிழ்ந்த படகு தூரத்திலிருந்தே தெரியும்.

நிமிர்த்த ஒருவர் படகைச் சுற்றிப் போய், அமரத்தைப் பிடித்தபடியே, அதாவது பின்பக்கத்தைப் பிடித்தபடியே, சென்டர்போர்டிடம் போக வேண்டும். மற்றவர் உள்பக்கத்தில் இருந்துகொண்டு பலகை முழுதாக வெளியே நீட்டியிருக்கிறதா, பெரிய பாயின் ஷீட் கிளீட்டில் இல்லாமல் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஜிப் ஷீட் ஒன்றை மேலே வீசிவிட்டு, படகின் உள்ளே உட்காரும் பலகைக்குப் பக்கத்தில் மிதந்தபடி படுத்துக்கொள்ள வேண்டும். வெளியே இருப்பவர் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சென்டர்போர்டின் அடிப்பகுதியில், படகின் உடலை ஒட்டிக் காலை வைத்துப் பின்னால் சாய வேண்டும். நுனியில் ஏறினால் பலகை முறியும். குதிக்கவும் வேண்டாம். உடம்பின் எடையைக் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். முதல் பத்து நொடி ஒன்றும் நடக்காதது போல் இருக்கும், பாயிலுள்ள தண்ணீர் வடியும் நேரம் அது. அப்புறம் பாய்மரம் எழும்பும், படகு உள்ளே இருப்பவரை அள்ளிக்கொண்டே நிமிரும். நிமிர்ந்ததும் அவர் மற்றவரைப் பின்பக்கமாக ஏற்றிவிடலாம்.

நிமிர்ந்த வேகத்தில் மறுபக்கம் கவிழ்கிறதா? பாய் காற்று வரும் பக்கத்தில் கிடந்திருக்கிறது. எழும்பியதும் காற்று அடியில் புகுந்து தூக்கிப் போட்டுவிட்டது. அணியத்தைப் பிடித்து நீந்தி, முகத்தைக் காற்றுக்கு நேராகத் திருப்பிவிட்டு மறுபடி முயலுங்கள்.

நம் துறைமுகத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு: சேறு. ஆழம் குறைந்த இடத்தில் தலைகீழாகக் கவிழ்ந்தால் பாய்மரத்தின் நுனி சேற்றில் குத்திக்கொள்ளும். பலகையில் ஏறி அழுத்தினால் மரம் வளையும், எழும்பாது. அதற்கு மேல் அழுத்தாதீர்கள். கிளப்பின் காவல் படகு வரும்வரை கவிழ்ந்த படகின் மேல் உட்கார்ந்து காத்திருங்கள். உள்ளே போன அதே கோட்டில், மெதுவாக இழுத்துத்தான் வெளியே எடுக்க வேண்டும்.

மூன்று தடவை முயன்றும் முடியவில்லை என்றால் நான்காவது வேண்டாம். இரு கையையும் பக்கவாட்டில் விரித்து மெதுவாக மேலும் கீழும் அசைப்பது உதவி கேட்கும் சைகை. நீர் புகாத உறையில் போன் இருந்தால் 1554, கடலோரக் காவல் படையின் இலவச அவசர எண். கையடக்க வி.எச்.எஃப். வானொலி இருந்தால் 16ஆம் சேனல்.

பூம் தலைக்கு மேல் துள்ளுகிறது, ஜிப் சுருங்கித் தொங்குகிறது

காற்று நேர் பின்னால் வந்துவிட்டது. இன்னும் ஒரு கை திரும்பினால் பூம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அறைந்துகொண்டு வரும். மண்டையில் பட்டால் என்ன ஆகும் என்று விவரிக்க வேண்டியதில்லை. “குனி!” என்று கத்திவிட்டு, பூம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் டில்லரைக் கொஞ்சம் தள்ளுங்கள். அணியம் எதிர்ப்பக்கம் சற்றுத் திரும்பும், ஜிப் மறுபடி நிறையும், ஆபத்து விலகும். புதியவர்கள் நேர் பின்காற்றில் போகவே வேண்டாம். சற்றுச் சாய்வாகப் போய், திரும்ப வேண்டிய இடத்தில் சொல்லிவிட்டுத் திருப்புங்கள்.

பாய் கீழே இறங்க மறுக்கிறது

ஹால்யார்டு, அதாவது பாயை ஏற்றும் கயிறு, உச்சிக் கப்பியில் சிக்கியிருக்கும். படகைக் காற்றுக்கு நேராக வைத்து, பாயை ஒரு சாண் மேலே ஏற்றிவிட்டு மறுபடி இறக்குங்கள். பெரும்பாலும் விட்டுவிடும். பாய்மரத்தில் ஏறிப் பார்க்கும் யோசனை யாருக்கும் வரக் கூடாது, படகு கவிழும்.

படகு ஏதோ பிடித்து வைத்தது போல் நின்றுவிட்டது

ஒரே வரிசையில் மிதவைகள் தெரிகிறதா? கோலி மீனவர்களின் டோல் வலையாக இருக்கும். பை போன்ற வலையை நிலையாகக் கட்டி வைத்து, ஓடும் நீரே மீனைக் கொண்டுவந்து சேர்க்கும்படி செய்வார்கள். பம்பாயின் பொம்பில் மீன் இப்படித்தான் அதிகமும் பிடிபடுகிறது. ஷீட்டை விடுங்கள், சென்டர்போர்டைத் தூக்குங்கள், சுக்கான் பலகையைத் தூக்குங்கள். படகு வழுக்கி வெளியே வந்துவிடும். கத்தியை எடுக்காதீர்கள், அது ஒரு குடும்பத்தின் பிழைப்பு.

பெரிய படகு நேராக வருகிறது

எலிபெண்டாவுக்கும் மாண்ட்வாவுக்கும் போகும் லாஞ்சுகள் கிளப்பும் அலையைப் பக்கவாட்டில் வாங்காமல், கொஞ்சம் சாய்வாக அணியத்தில் வாங்குங்கள். பாய்ப்படகுக்கு இயந்திரப் படகு வழிவிட வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் கப்பல் கால்வாயை விட்டு விலக முடியாத பெரிய கப்பலுக்கு நாம்தான் இடைஞ்சல் செய்யக் கூடாது என்றும் விதி இருக்கிறது. கால்வாயைக் கடக்க வேண்டுமென்றால் குறுக்காக, சீக்கிரமாக. கடற்படைப் பகுதிகள் பக்கம் போகவே வேண்டாம்.

கூட வந்தவர் பேச்சைக் குறைத்துவிட்டார்

எனக்கு மிக முக்கியமாகப் படும் அறிகுறி இதுதான். படகில் எதுவும் தவறவில்லை, காற்று நன்றாக இருக்கிறது. ஆனால் காலையிலிருந்து பேசிக்கொண்டே வந்தவர் “ம்” என்கிறார். ஜிப் ஷீட்டை விடச் சொன்னால் ஒரு நொடி தாமதமாக விடுகிறார்.

மூன்று காரணங்கள் இருக்கலாம். முதலாவது வெயில். கடல் காற்று வியர்வையை உடனே காயவைத்துவிடுவதால் தாகம் தெரியாது. ஏப்ரல், மே மாதங்களில் இரண்டு மணி நேரத்தில் உடம்பு வற்றிவிடும். தலைவலி, கால்பிடிப்பு, சிறுநீர் வராமை இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தொப்பியை நனைத்துப் போடுங்கள், ஓ.ஆர்.எஸ். கலந்த தண்ணீரை வாய் வாயாகக் கொடுங்கள், கரைக்குத் திரும்புங்கள். ‘இன்னும் ஒரு சுற்று’ என்பது இங்கே கிடையாது.

இரண்டாவது, குமட்டல். அடிக்கடி கொட்டாவி விட்டு முகம் வெளிறினால் அதுதான். டில்லரை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். ஓட்டுகிறவருக்குக் குமட்டல் குறையும். கண் தூரத்து உரண் குன்றுகளில் நிற்கும், கை அலையை முன்கூட்டியே உணரும். காலையில் வடாபாவைத் தவிர்த்து இரண்டு இட்லி சாப்பிட்டு வந்திருந்தால் இதில் பாதி வராது.

மூன்றாவது காரணம் நீங்கள். காற்று வலுக்கும்போது ஓட்டுகிறவர் குரல் உயர்கிறது. “விடு, விடு, விடுடா!” என்று நாலு தடவை கத்தினால் யாருக்கும் வாய் மூடிக்கொள்ளும். மூடிய வாயிலிருந்து ‘கறுப்பு வருது’ என்ற எச்சரிக்கையும் வராது, ஆபத்து அங்கேதான். எங்களுக்குள் இது ஒரு தடவை நடந்தது. கரைக்கு வந்து படகைக் கழுவி முடிக்கும்வரை அவன் பேசவில்லை. பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். திருப்புவதற்கு முன் நான் “தயாரா?” என்று கேட்பேன். அவன் “தயார்” என்று சொன்னால்தான் திருப்புவேன். அவன் “இரு” என்று சொன்னால் ஏன் என்று கேட்கக் கூடாது. இந்த வழக்கம் வந்த பிறகு நாங்கள் கவிழ்வதும் குறைந்தது.

கரை கிட்டே வரவே மாட்டேன் என்கிறது

பாய் நிறைந்திருக்கிறது, அணியத்தில் தண்ணீர் சலசலக்கிறது, ஆனால் அரை மணி நேரமாகக் கேட்வே அதே அளவில் தெரிகிறது. அல்லது காற்று விழுந்துவிட்டது, கேட்வே சின்னதாகிக்கொண்டே போகிறது. இரண்டுக்கும் காரணம் வற்றம், அதாவது கடல்நீர் இறங்கும்போது வெளியே ஓடும் ஓட்டம். கோலி மீனவர்கள் ஏறும் நீரை பர்தி, இறங்கும் நீரை ஓஹோட்டி என்பார்கள்.

மும்பையில் நீர் ஏறி இறங்கும் அளவு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி 4 மீட்டரைத் தாண்டும். அந்த நாள்களில் உச்ச ஏற்றம் நண்பகலை ஒட்டி வரும். அப்படியென்றால் நண்பகலுக்குப் பிறகு ஆறு மணி நேரமும் நீர் தென்மேற்காக, துறைமுக வாயை நோக்கி ஓடும். ஒரே சீராகவும் ஓடாது. ஆறு மணி நேரத்தைப் பிரித்துப் பார்த்தால் முதல் மணியில் மொத்த இறக்கத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு பங்கு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மூன்று மூன்று பங்கு, பிறகு இரண்டு, ஒன்று. 4 மீட்டர் இறக்கம் என்றால் நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்தில் மட்டும் மணிக்கு ஒரு மீட்டர் நீர் துறைமுகத்தைக் காலி செய்கிறது. அப்போது ஓட்டம் 2 நாட் (மணிக்குச் சுமார் 3.7 கிலோமீட்டர்) வேகத்துக்கு மேல் போகும். மெல்லிய காற்றில் உங்கள் டிங்கியின் வேகமும் அவ்வளவுதான்.

இதோடு காற்றையும் சேர்த்துப் பாருங்கள். போகும்போது வடமேற்குக் காற்று முதுகில் தள்ளிக் கொண்டுபோய்விடும், சுகமாக இருக்கும். திரும்பும்போது அதே காற்றை எதிர்த்து வளைந்து வளைந்து வர வேண்டும், எதிர் நீரிலும் ஏற வேண்டும்.

ஒரு பிப்ரவரி பௌர்ணமியில் இதை அனுபவித்தோம். பன்னிரண்டரை மணிக்கு ஏற்றம் முடிந்தது. ஒரு மணிக்குப் போனோம். மூன்றரைக்குக் காற்று அடங்கிவிட்டது. துடுப்பு வலித்துப் பார்த்தோம்; தூணும் குவிமாடமும் எங்கள் கண் முன்னே விலகிக்கொண்டு போயின. நண்பன் நங்கூரத்தை எடுத்தான். சின்ன மடக்கு நங்கூரம், 25 மீட்டர் கயிறு, ஆழத்தைப் போல் ஐந்து மடங்கு கயிறு விட வேண்டும் என்பது கணக்கு. அணியத்தில் கட்டி இறக்கினான். மும்பைச் சேறு பாய்மரத்தைப் பிடித்துக்கொள்வது போல நங்கூரத்தையும் நன்றாகப் பிடிக்கும். கயிறு விறைத்தது, படகு திரும்பி நின்றது. அப்போதுதான் தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்த்தேன். அதுவரை நாங்களும் கூடவே போய்க்கொண்டிருந்ததால் தெரியவில்லை. அணியத்தில் நீர் இரண்டாகப் பிரிந்து, வாய்க்கால் மதகில் விழுவது போன்ற ஓசையோடு இரு பக்கமும் ஓடியது. ஒரு சாமந்தி மாலை வந்து கயிற்றில் மாட்டி, நிமிர்ந்து, கழன்று போனது. கிளப்புக்குப் போன் செய்து இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டு, மீதித் தயிர்சாதத்தைச் சாப்பிட்டோம். ஐந்தரைக்கு ஓட்டம் தளர்ந்தது, மெல்லிய காற்று வந்தது. இருட்டுவதற்குள் கரையில் இருந்தோம்.

ஆக, செய்ய வேண்டியது: துடுப்போடு போராடிச் சோர்வதற்கு முன்பே, கப்பல் கால்வாய்க்கு வெளியே நங்கூரம் போடுங்கள், அணியத்தில் கட்டுங்கள், பக்கவாட்டிலோ பின்னாலோ கட்டினால் படகு மூழ்கும், எங்கே இருக்கிறீர்கள் என்று கரைக்குச் சொல்லுங்கள், காத்திருங்கள். பொழுது சாயும்வரை ஓட்டம் தளரவில்லை என்றால் இழுத்துச் செல்லப் படகு கேளுங்கள்.

வரும் முன் காக்க, வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் போதும். அஷ்டமி, நவமியில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்று என் அம்மா சொல்வார். டிங்கி இறக்க எனக்குத் தெரிந்து அதைவிட நல்ல நாள் இல்லை. அந்த நாள்களில் நீர் ஏறி இறங்குவது 2 மீட்டர் அளவுதான். நண்பகலை ஒட்டி வற்றம் முடிந்து பிற்பகல் முழுக்க நீர் உள்ளே ஏறும்; காற்று விழுந்தாலும் திறந்த கடலுக்குக் கொண்டுபோகாது. துல்லியமான நேரத்துக்கு ஓத அட்டவணையைப் பாருங்கள், நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும்.

அடியில் ‘டக்’ என்று தட்டுகிறது

சென்டர்போர்டு தரையைத் தொட்டுவிட்டது. கரைக்குப் பக்கத்தில் என்றால் பாதி தூக்கிக்கொண்டு, சுக்கான் பலகையின் கயிற்றையும் விட்டுவிட்டு மெதுவாக வாருங்கள். காற்று கரையிலிருந்து வருவதால் கடைசி இருபது அடியில் ஷீட்டை முழுக்க விட்டால் படகு தானாக நிற்கும். ஆழம் தெரியாமல் குதிக்காதீர்கள். துடுப்பை விட்டு ஆழம் பார்த்து, மார்புக்குக் கீழே என்றால், முன்னால் இருப்பவர் அணியத்தைப் பிடித்தபடி இறங்கட்டும். காலில் செருப்போ ஷூவோ கட்டாயம். சேற்றுக்குள் சிப்பியும் கண்ணாடியும் கிடக்கும்.

அடுத்த வாரம் சென்டர்போர்டு இறங்கவே மாட்டேன் என்கிறது

இது போன வாரத்துச் சேறு. பெட்டிக்குள் ஏறிக் காய்ந்து, நடுவில் ஒரு சிப்பி ஓட்டைச் செருகி வைத்திருக்கும். மேலிருந்து மிதித்து இறக்காதீர்கள், பலகையின் ஓரம் பிளக்கும். படகை டயர் மேல் சாய்த்துப் படுக்கவைத்து, அடியிலிருந்து நல்ல தண்ணீரைப் பீய்ச்சி, மெல்லிய பட்டைக் குச்சியால் கிளறுங்கள். நாங்கள் இப்போது கரைக்கு வந்த அன்றே, தண்ணீர் குடித்த கையோடு ஹோஸைப் பிடித்துவிடுகிறோம். அவன் பலகையை ஏற்றி இறக்குவான், நான் அடியில் பீய்ச்சுவேன். கறுப்பாக வரும் தண்ணீர் தெளியும்வரை.